அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள், செய்தேன்

‘ஆயுளுக்கும் உழைக்கும் ஆடைத் தொகுப்பு, உங்கள் ஆளுமைக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்ற விளம்பரத்தை நம்பி, ஆலோசனைக் கட்டணத்தையும் ஆடைகளின் விலையையும் முன்பணமாகக் கட்டி ஏமாந்திருக்கிறேன். வந்தவை பன்னிரண்டு. மூன்று மாதம் முடிவதற்குள் ஏழு ஆடைகள் வெளியே உடுத்திச் செல்ல முடியாதபடி ஆகிவிட்டன. புகார் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயர் முக்கியமும் இல்லை. இதே பாணியில் விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தப் பாணியைத்தான் நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

சில ஆண்டுகள் வீட்டோடு இருந்துவிட்டு மீண்டும் வேலைக்குத் திரும்பியிருந்தேன். காலையில் அலமாரியின் முன் நின்றால் எதுவும் எனக்குப் பொருந்தாததுபோல் ஒரு மலைப்பு. அந்த நேரம் பார்த்துத்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. முப்பது கேள்விகள், பிறகு வீடியோ அழைப்பில் ஓர் ஆலோசகர். இனிமையாகப் பேசினார். குறைந்த ஆடைகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றிச் சேர்த்து உடுத்தும் முறையைத் தங்கள் நிறுவனமே உருவாக்கியதுபோல் விளக்கினார். அது 1970களில் லண்டனில் ஆடைக் கடை நடத்திய சூசி ஃபோ (Susie Faux) பரப்பிய யோசனை. 1985இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் டோனா கேரன் ஏழு ஆடைகள் கொண்ட தொகுப்பாக அதைக் கொண்டுவந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு அவர் சொன்னதெல்லாம் புதிதாக இருந்தது.

கடைசியில் அவர் சொன்னதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. “இப்போது இருப்பவை எல்லாம் பழைய உங்களைக் காட்டுபவை, மேடம். பெட்டி வருவதற்குள் அலமாரியைக் காலி செய்துவிடுங்கள். ஒன்றிரண்டை வைத்துக்கொண்டால்கூடப் பழைய பழக்கத்துக்கே போய்விடுவீர்கள்.”

நான் செய்தேன். கொடுத்தவற்றில் ஒரு கரும்பச்சைக் கம்பளிக் கோட்டும் இருந்தது. பதினோரு ஆண்டுகள் போட்டது. அதன் உள்ளே திருப்பிப் பார்த்தால் பக்கத் தையலில் ஓர் இன்ச் துணி மடித்து விடப்பட்டிருக்கும்; நான் எடை கூடியபோது தையல்காரர் அதைப் பிரித்துத்தான் அகலமாக்கித் தந்தார். லைனிங் ஒருமுறை கிழிந்தது, மாற்றினோம். கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீடித்து உழைக்கும் ஆடை எப்படி இருக்கும் என்று காட்ட என்னிடம் இருந்த ஒரே சான்று அது. எனக்குப் பிடித்த நிறம், எனக்கு ஏற்ற நீளம், கைகளைப் போட்டுக்கொள்ள ஆழமான பைகள், எல்லாம் அதில் இருந்தன. அதையே தூக்கிக் கொடுத்துவிட்டு ‘என் பாணி எது’ என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் பணம் கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தேடிப் போனேன், கிடைக்கவில்லை.

இனி வந்தவற்றைப் பற்றி. ‘லினன்’ என்று சொல்லி அனுப்பிய பேன்ட் நான்காவது சலவையிலேயே தளர்ந்துவிட்டது. ஒருநாள் உட்கார்ந்து எழுந்தபோது பின்புறத் தையலோரம் காற்றுப் புகுவதுபோல் இருந்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தையல் அப்படியே இருந்தது. அதற்கு அடுத்திருந்த துணியில் நெடுக்கு நூல்கள் நகர்ந்து, குறுக்கு நூல்கள் மட்டும் ஏணிப்படிபோல் தெரிந்தன. அப்போதுதான் உள்பையின் அடிமடிப்பில் விரல் நக அளவுக்கு ஒரு லேபிளைப் பார்த்தேன். விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) 68 சதவீதம், பாலியஸ்டர் 32 சதவீதம். லினன் ஒரு நூல்கூட இல்லை. மீண்டும் விற்பனைப் பக்கத்தைப் போய்ப் படித்தேன்: தலைப்பில் ‘லினன் பேன்ட்’, கீழே சிறிய எழுத்தில் ‘லினன் தோற்றம்’. லினனும் பருத்தியும் ஈரத்தில் வலுக்கூடும். விஸ்கோஸ் நனைந்தால் வலுவில் கணிசமான பகுதியை இழந்துவிடும். அதனால் விஸ்கோஸ் மட்டமான துணி என்று சொல்லவில்லை. மென்மையாகத் தொங்கும், உடலுக்குச் சுகமானது. ஆனால் அடிக்கடி துவைத்து ஆண்டுக்கணக்கில் உடுத்த வேண்டிய வேலைக்குப் போகும் பேன்ட்டுக்கு அதை லினன் என்று விற்பது ஏமாற்று.

‘தூய கம்பளி’ ஸ்வெட்டரில் இரண்டே வாரத்தில் அக்குளிலும் இடுப்போரத்திலும் நூல் உருண்டைகள் கிளம்பின. கம்பளியிலும் உருண்டை வரும். ஆனால் நாளடைவில் பெரும்பாலும் தானாக உதிர்ந்துவிடும். செயற்கை இழை வலுவானது, உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும். இவை உதிரவில்லை. ஸ்வெட்டரின் உள்விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்தினேன். கம்பளியாக இருந்தால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகிச் சொட்டி, கறுப்பு மணியாக இறுகிப்போனது. நகத்தால் அழுத்தினேன், நொறுங்கவில்லை. (நீங்கள் செய்து பார்த்தால் தைத்த நூலை உருவாதீர்கள். பருத்தி ஆடையைக்கூடப் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலால்தான் தைக்கிறார்கள், முடிவு தவறாகிவிடும்.)

சட்டைக் காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டியிருந்த துணி (ஃபியூசிங்) பிரிந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. தோல் பெல்ட் மடியும் இடத்தில் உரிந்தது, உள்ளே துணி. தோல் துகள்களை அரைத்துப் பசையோடு சேர்த்துத் துணிமேல் படியவைத்த சரக்கு அது.

நிறுவனத்திடம் புகார் செய்தேன். பதில் என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது: “இவை உங்களுக்கென்றே தனிப்பட்ட முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆகவே திரும்பப் பெற இயலாது.” ஆயுள் உத்தரவாதம் என்றார்களே என்று கேட்டேன். அது தையல் பிழைக்கு மட்டுமாம், ‘இயல்பான தேய்மானத்துக்கு’ இல்லையாம். மூன்று மாதத்தில் வருவது எப்படி இயல்பான தேய்மானம்?

இந்த நேரத்தில்தான் என்னோடு வேலை செய்யும் தோழி ஒருவர் அதே நிறுவனத்தில் பணம் கட்டியது தெரிந்தது. அவருக்கும் எனக்கும் வயது, உயரம், நிறம், ரசனை எதுவுமே ஒத்துப்போகாது. அவர் எப்போதும் பளிச்சென்ற மஞ்சளும் சிவப்புமாக உடுத்துபவர். இருவரும் எங்களுக்கு வந்த ‘ஆளுமை அறிக்கை’களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே பன்னிரண்டு ஆடைகள். அதே மணல் நிறம், சாம்பல், கருநீலம். முன்னுரையில் பெயர் மட்டும் மாறியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது கேள்விகளுக்கும் அவ்வளவு யோசித்து, உண்மையாகப் பதில் எழுதியிருந்தேன். யாரும் அதைப் படிக்கவே இல்லை.

அந்த இரண்டு அறிக்கைகளையும், லேபிளின் படத்தையும், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து, பணம் கட்டிய கார்டு வங்கிக்கு ‘விவரித்தபடி பொருள் இல்லை’ என்று முறையிட்டேன். பேன்ட், ஸ்வெட்டர், பெல்ட் மூன்றுக்கும் பணம் திரும்பிவிட்டது. சட்டைகளுக்கு இல்லை, அவற்றைப் பற்றி எழுத்தில் எந்த வாக்குறுதியும் இல்லாததால். ஆலோசனைக் கட்டணம் இன்னும் இழுபறியில் இருக்கிறது.

இப்போது எதை வாங்கினாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். மடித்து விட்ட துணி எவ்வளவு, கோடுகள் தையலில் சேர்கின்றனவா, காஜா நெருக்கமாக அடித்திருக்கிறதா, மாற்றுப் பொத்தான் வைத்திருக்கிறார்களா. இணையத்தில் என்றால் பணம் கட்டும் முன் லேபிளின் படத்தை அனுப்பச் சொல்கிறேன். போன வாரம் ஒரு விற்பனையாளர் மூன்று முறை கேட்டும் அனுப்பவில்லை, வாங்கவில்லை. நிறத்துக்கும் வடிவத்துக்கும் யாரையும் கேட்பதில்லை. பழைய புகைப்படங்களை எடுத்து, எந்த ஆடையில் அதிகம் இருக்கிறேன் என்று பார்த்தேன். பாதிக்கு மேல் அந்தக் கரும்பச்சைக் கோட்டுதான்.

ஏற்கெனவே இப்படிப் பணம் கட்டியிருப்பவர்கள் லேபிளை வெட்டாதீர்கள், முதல் சலவைக்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள், இன்றே விற்பனைப் பக்கத்தையும் படமாகச் சேமித்துவிடுங்கள். நான் புகார் எழுதிய பிறகு அவர்கள் அந்தப் பக்கத்தின் தலைப்பிலிருந்து ‘லினன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். வங்கி முறையீட்டுக்குக் கெடு உண்டு, அது கடந்தால் எந்தச் சான்றும் உதவாது. பெட்டி இன்னும் வராதவர்கள் அலமாரியில் இருக்கும் எதையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.