சக்கரம் வைத்த அலுமினியச் சாரம்: திருவொற்றியூரில் எட்டு நாள் வாடகை அனுபவம்

திருவொற்றியூரில் நான் நிர்வாகம் பார்க்கும் சிறிய கல்யாண மண்டபத்தில், ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாததைப் பயன்படுத்திக்கொண்டு, கூரை விரிசல்களைப் பூசி உட்புறம் முழுவதும் பெயின்ட் அடித்துவிட முடிவு செய்தோம். தரையிலிருந்து கூரை 20 அடி உயரம். இதுவரை சவுக்குக் கம்பையும் கயிற்றையும் கொண்டு கட்டிய சாரத்தில்தான் வேலை நடந்தது. இடம் மாறும்போதெல்லாம் அவிழ்த்துக் கட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். மொசைக் தரையில் கம்பு கீறிய தடங்கள் வேறு. எனவே இம்முறை டி.எச். சாலையை ஒட்டிய ஒரு சென்ட்ரிங் சாமான் (கான்கிரீட் வேலைக்கான முட்டு, பலகை போன்றவை) கிடங்கிலிருந்து, சக்கரம் வைத்த அலுமினியச் சாரத்தை எட்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். அங்கே கண்ட குறை பிறகு விசாரித்த வேறு இரண்டு கடைகளிலும் இருந்ததால், கடையின் பெயரைச் சொல்வதில் பயனில்லை.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே கன அளவுக்கு இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். குட்டி யானை எனும் சிறிய சரக்கு வண்டியிலிருந்து ஒவ்வொரு சட்டத்தையும் ஒருவரே தோளில் வைத்து இறக்கினார். பற்றவைத்த சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி, மூட்டில் கிளிப் மாட்டி, குறுக்குக் கம்பிகளைக் கொக்கியால் பிணைத்தால் முடிந்தது, ஸ்பேனர் தேவைப்படவில்லை. நான் உட்கார்ந்து பார்த்தது ஒன்றை மட்டும்தான்: படிக்கம்பி நிமிர்ந்த குழாயோடு சேரும் இடத்துப் பற்றவைப்பு. அலுமினியத்தில் பற்றவைத்த இடத்தைச் சுற்றியுள்ள பகுதி வெப்பத்தால் வலுக் குறைவது இயல்பு என்பதால், தயாரிப்பாளர் அதையும் கணக்கில் கொண்டே செய்திருப்பார். ஆனால் உடைந்த மூட்டை வெல்டிங் பட்டறையில் ஒட்டவைத்துத் திரும்பவும் வாடகைக்கு விடும் சட்டத்தை நம்ப முடியாது. வந்தவற்றில் ஒன்று அப்படி இருந்தது. திருப்பி அனுப்பினேன், மறுபேச்சு இல்லாமல் மாற்றித் தந்தார்கள்.

பெரிய குறை வேறு. தொலைபேசியில் கடைக்காரர் கேட்டது "எத்தனை அடி ஹைட் வேணும் சார்?" என்ற ஒரே கேள்விதான். நிற்கும் பலகை அந்த உயரத்தில் இருந்தால் கூரை கைக்கு எட்டும் என்று நானும் 14 அடி என்றேன். வந்திறங்கியதோ 75 சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒல்லிச் சாரம்; பக்கவாட்டில் விரித்து ஊன்றும் முட்டுக்கால்கள் ஒன்றுகூட இல்லை. நிற்கும் பலகையின் உயரம் அடிப்பாகத்தின் குறுகிய அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது என்பது துறையில் பழகிவந்த எளிய கணக்கு. அதன்படி முட்டுக்கால் இல்லாத 75 சென்டிமீட்டர் சாரத்தில் இரண்டேகால் மீட்டருக்கு மேல், அதாவது சுமார் ஏழரை அடிக்கு மேல், ஆள் நிற்கக்கூடாது. நாங்கள் கேட்டதோ ஏறக்குறைய அதன் இரு மடங்கு. மேஸ்திரி, "நாங்க பாத்து நின்னுக்குறோம் சார், டெய்லி பண்ற வேலதானே" என்றார். மேலே நிற்பவர் எட்டிச் சாந்தைத் தேய்க்கும்போது சுவரை அழுத்தும் விசையே சாரத்தை எதிர்ப்பக்கம் தள்ளும் என்பதை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைச் சாய்த்துக் காட்டிய பிறகுதான் அவரும் ஒப்புக்கொண்டார். மறுநாள் 1.35 மீட்டர் அகலச் சாரமும் நான்கு முட்டுக்கால்களும் வந்தன. முட்டுக்காலுக்குத் தனி வாடகை கேட்டார்கள்; கொடுத்தேன், ஆனால் அதைக் கூடுதல் வசதி என்று விலைப்பட்டியலில் போடுவது சரியல்ல. விளிம்பில் வைத்த கொத்துக்கரண்டி உருண்டு விழாமல் தடுக்கும் ஓரப்பலகை கடைசிவரை வரவில்லை. எங்கள் ஆசாரியே மரத்தில் அடித்துக் கொடுத்தார்.

நான்கு சக்கரங்களில் ஒன்றின் பிரேக் பிடிக்கவில்லை. மிதித்தால் டக்கென்ற சத்தம் வரும், கையால் தள்ளினால் சக்கரம் உருளும். சத்தத்தை நம்பி ஏறியிருந்தால் வழுவழுப்பான மொசைக்கில் என்ன ஆகியிருக்குமோ. ஆகவே ஏறுவதற்கு முன் நான்கையும் பூட்டிவிட்டுத் தள்ளிப் பார்ப்பதை வழக்கமாக்கினோம். நகர்த்தும்போது மேலிருப்பவர் இறங்கிவிட வேண்டும், அடியைப் பிடித்தே தள்ள வேண்டும் என்பதை மட்டும் பெயின்டர்கள் இரண்டாம் நாள்வரை ஏற்கவில்லை. ஏறி இறங்குவது சாரத்தின் உட்புறமாக, பலகையிலுள்ள கதவு வழியாகத்தான். வெளிப்புறமாகத் தொற்றி ஏறினால் அந்த எடையே சாரத்தைச் சாய்க்கும்.

உள்வேலை ஆறு நாளில் முடிந்தது; சவுக்குச் சாரத்தில் பன்னிரண்டு நாளாவது ஆகியிருக்கும். மீதி இரண்டு நாளில் வெளிச்சுவரையும் முடிக்கலாமே என்று கடைக்காரர் யோசனை சொன்னார். நான் மறுத்துவிட்டேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இதுவோ எளிதில் தூக்கக்கூடியது என்பதற்காகவே நாம் விரும்பி எடுத்த பொருள். காற்று மணிக்கு 27 கிலோமீட்டரை எட்டினால் இவ்வகைச் சாரத்தில் வேலையை நிறுத்துவது பிரிட்டனில் வழக்கம், பிற்பகலில் எங்கள் தெருவில் வீசும் கடற்காற்றில் பந்தலே படபடக்கும். போதாக்குறைக்குப் பக்கச் சந்தில் தலைக்குமேல் மின்கம்பி போகிறது. அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

வெளிச்சுவருக்கு அதே கடையில் இரும்பு ஹெச் பிரேம்களை (H வடிவச் சாரச் சட்டங்களை) பார்த்தேன். உப்புக்காற்றில் கிடந்தவை என்பது தெரிந்தது. புதுப் பெயின்டுக்கு அடியில் துரு அடுக்கடுக்காக உரிந்து வந்தது, ஒரு குழாயின் அடியை ஆணியால் சுரண்டியபோது ஓட்டையே விழுந்தது. துத்தநாகம் பூசிய சட்டங்களுக்காக மணலிப் பக்கம் விசாரித்து வைத்திருக்கிறேன். மணல் தரை என்பதால் ஒவ்வொரு காலுக்கும் கீழே தகடும் அதற்கடியில் அகலமான மரப்பலகையும் போட்டு, சாரத்தைச் சுவரோடு பல இடங்களில் பிணைத்த பிறகே ஆளை ஏற்றுவதாக மேஸ்திரியிடம் பேசியாகிவிட்டது.

சாமானைத் திருப்பியபோது குழாய் மூட்டுகளில் காய்ந்திருந்த பெயின்டைச் சுரண்டும் கூலியை முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். மூட்டில் பெயின்ட் ஏறினால் அடுத்தவருக்குச் சட்டம் முழுதாக இறங்காது என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை. பிரேக் பிடிக்காத சக்கரத்தைச் சிவப்புத் துணி கட்டித் தனியாகக் கொடுத்தேன். வாங்கியவர் துணியை அவிழ்த்துவிட்டு, மற்ற சக்கரங்களின் குவியலிலேயே போட்டார்.