தட்டேக்காட்டில் 150-600: எஃப் 6.3 படுத்தும் பாடு

மிரர்லெஸ் என்ற புதுவகை கேமராக்கள் வந்த பிறகு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா லென்ஸ்களின் விலை நன்றாகவே இறங்கிவிட்டது. திருமங்கலத்து நண்பன் ஒருவன், "மாப்ள, நீ வச்சிருக்க அதே 150-600 செகண்ட்ஹேண்டுல வருது, தட்டேக்காடு போகணும், வாங்கிரவா?" என்று கேட்டான். தூரத்துப் பறவையைக் கிட்டே இழுக்கும் ஜூம் லென்ஸ் அது, 150-லிருந்து 600 மில்லிமீட்டர் வரை நீட்டலாம். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதி இங்கே. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, டிஎஸ்எல்ஆருக்கான இந்த 150-600 வகை லென்ஸ் எல்லாமே 600-க்கு நீட்டினால் எஃப் 6.3-ல்தான் நிற்கும் (இந்த எஃப் எண் கூடக் கூட லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் குறையும்), என் சண்டை முழுக்க அந்த 6.3-ஓடுதான்.

கேரளாவில் இருக்கும் பறவைகள் சரணாலயமான தட்டேக்காடு மதுரைக்கார நமக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. தேனி, போடி, மூணாறு, அடிமாலி, கோதமங்கலம் என்று ஒரே நெடுஞ்சாலை. 1930களில் சாலிம் அலி வந்து பறவைகளைக் கணக்கெடுத்த காடு, 1983-ல் சரணாலயம் ஆனது, மொத்தமே 25 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் எத்தனை பறவை! ஆனால் மதுரை வெயிலில் பழகிய கைக்கு அங்கே முதல் அடி வெளிச்சத்தில்தான் விழும். காலை ஒன்பது மணிக்குக்கூட மரத்தடியில் சாயங்கால இருட்டு.

தீக்காக்கை என்ற காட்டுப் பறவை அந்த இருட்டில்தான் உட்காரும். அதுவும் பெரும்பாலும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வழிகாட்டி அண்ணன் மெதுவாகக் கையைக் காட்டினார், அது திரும்பியது, வயிற்றுச் சிவப்பு அப்படியே தெரிந்தது, நான் பட்டனை அழுத்தினால் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் பிடித்தது, 1/80 நொடி ஷட்டரில், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400-ல். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தச் சிவப்பு முழுக்கக் கோலப்பொடி தூவினது மாதிரி நாய்ஸ், புள்ளிப்புள்ளியாக. எஃப் 4 இருந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளிச்சம், 2.8 என்றால் ஐந்து மடங்கு. அந்த லென்ஸெல்லாம் பல லட்சம், தெரியும். தெரிந்தாலும் கோபம் வரத்தான் செய்கிறது, ஏனென்றால் அந்தப் பறவை அன்றைக்கு அப்புறம் திரும்பவே இல்லை.

நியாயமும் சொல்ல வேண்டும். தவளைவாயன் என்ற இரவுப் பறவை ஜோடி பகலெல்லாம் காய்ந்த இலை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கி) வைத்து ஷட்டரை 1/20 வரை இறக்கி எடுத்தேன், மூக்கின் மேல் இருக்கும் மெல்லிய முடிகூடத் தனித்தனியாக வந்திருக்கிறது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் இந்த லென்ஸின் ஸ்டெபிலைசர் அவ்வளவு நம்பகமானது. (தவளைவாயன் மேல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள், ராத்திரியில் விழிக்கிற கண் அது.) அப்புறம் நம்ம ஊருக்கு வந்துவிட்டால் இந்த லென்ஸ் வேறு ஆள். அரிட்டாபட்டிப் பாறையில் வல்லூறு பறக்கும்போதும், மார்கழியில் கண்மாய்க் கரையில் நின்று மஞ்சள் மூக்கு நாரையையும் பாம்புத்தாராவையும் எடுக்கும்போதும் 6.3 என்ற எண்ணே ஞாபகம் வராது. இறகு இறகாகக் கொடுக்கும். ரெண்டு கிலோ என்பதால் கையிலேயே வைத்துப் பிடிக்கலாம்.

அதனால் நண்பனுக்கு என் பதில்: தட்டேக்காட்டுக்கென்றே வாங்குவதாக இருந்தால் வேண்டாம்டா. அந்தக் காசில் ஒரு நல்ல 8x42 பைனாகுலர் வாங்கிக்கொண்டு போ, இருட்டிலும் தீக்காக்கையைக் கண் நிறையப் பார்க்கலாம். நான் மட்டும் என்னுடையதை விற்கப்போவதில்லை, வரும் குளிர்காலத்தில் ஆறுமணிக் குருவிக்காகத் தட்டேக்காட்டுக்கே இதைத் தூக்கிக்கொண்டு போகத்தான் போகிறேன்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் வாங்குவாய் என்று தெரியும். காசு கொடுப்பதற்கு முன் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா பார், மழைக்காட்டுக்குப் போய்வந்த லென்ஸ் என்றால் ரெண்டு தடவை பார். வாங்கிய அன்றே சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பா ஒன்றும் வாங்கிவிடு.