தம்பியைச் சேர்த்திருந்த மனநல மருத்துவமனை: ஒரு நர்ஸின் பார்வையில்

மதுரைப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் மனநல மருத்துவமனையைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. போட்டால் தெரிந்தவர்கள் தம்பியை அடையாளம் கண்டுகொள்வார்கள். அவனிடம் கேட்டு, அவன் சரி என்று சொன்னதை மட்டும்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நானும் நர்ஸ்தான், அரசு மருத்துவமனையில் பொது வார்டு. அதனால் கட்டிடம், ஏசி, கேன்டீன் எல்லாவற்றையும் விட டூட்டியில் இருந்த நர்ஸ்கள் மேல்தான் என் கண் இருந்தது. நோயாளி "வேண்டாம்" என்று சொன்னால் அடுத்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையை நிறுத்திவிட்டு, தூக்கம் இல்லாமல், யாரோ தன்னைக் கொல்ல ஆள் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது கூட்டிப்போனோம். சம்மதம் சொல்லும் நிலையில் அவன் இல்லை. வீட்டார் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் இப்படிப்பட்டவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நோயாளியின் பிரதிநிதி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். முதலில் 30 நாள் வரைதான் வைத்திருக்கலாம். நோயாளியின் உரிமைகளைக் காக்கச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தகவல் போக வேண்டும். பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் 3 நாளுக்குள். இங்கே எதையும் தாண்டிப் போகவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்த தம்பியிடமும் சிஸ்டர் ஒருவர் உட்கார்ந்து விவரம் சொன்னார். "அவர் கேட்கலைன்னாலும் நாம சொல்லணும் அக்கா" என்றார்.

முதல் ராத்திரி மாத்திரையில் விஷம் இருக்கிறது என்று தட்டிவிட்டான். சிஸ்டர் புது அட்டையை அவன் கண் முன்னாலேயே பிரித்து, மாத்திரையின் பெயரைப் படித்துக் காட்டினார். அப்போதும் மாட்டேன் என்றான். மறுத்துவிட்டார் என்று கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்தார். பொறுக்க முடியாமல் அம்மா, "தயிர்சாதத்துல பொடிச்சுப் போட்டுக் குடும்மா, பேசாம சாப்பிட்டுடுவான்" என்றார். எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான் இது. சிஸ்டர் கோபப்படவில்லை. "சோத்துலயும் சந்தேகம் வந்துட்டா அப்புறம் அவருக்கு எதைம்மா கொடுக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அவன் சார்பாகத் தற்காலிகமாகச் சம்மதம் சொல்லும் உரிமை பிரதிநிதி என்ற முறையில் எனக்கு இருந்தது. அந்தக் கையெழுத்தைக் காட்டி உடனே ஊசி போட்டிருக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் அவர்கள் காத்திருந்தார்கள். காலையில் அவனே வாங்கிப் போட்டுக்கொண்டான்.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. ஒரு சாயங்காலம் பக்கத்துக் கட்டில்காரரை அடித்து, தடுக்க வந்த வார்டு பாயையும் தள்ளிவிட்டான். கட்ட வேண்டியதாகிவிட்டது. அக்காவாக அழுகை வந்தது. நர்ஸாக ஒவ்வொன்றையும் கவனித்தேன். மனநல மருத்துவரின் உத்தரவு எழுத்தில் வந்தது. துணிப்பட்டை, சங்கிலியோ கயிறோ இல்லை. ஒரு சிஸ்டர் பக்கத்தை விட்டு நகரவில்லை. மணிக்கட்டில் விரல் நுழைகிறதா, கை நிறம் மாறுகிறதா என்று பார்த்தார். தண்ணீர் கொடுத்தார், சிறுநீர் வருகிறதா என்று கேட்டார். அடங்க அடங்க ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தார்கள். ஏன் கட்டினோம், எப்போது அவிழ்த்தோம், எல்லாம் பதிவில் இருந்தது. உடனடியாக வரக்கூடிய ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால்தான் கட்டலாம், தண்டனையாகக் கட்டவே கூடாது என்கிறது சட்டம். சங்கிலிக்கு எந்த நிலையிலும் இடமில்லை, தனி அறையில் பூட்டி வைப்பதற்கும் இல்லை. மறுநாள் அதே சிஸ்டர் தம்பியிடம், "நேத்து நாங்க என்ன செஞ்சிருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்கும்?" என்று கேட்டார். என் சர்வீஸில் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சில வருஷம் முன்னால் அவன் வேறோர் இடத்தில் இருந்தான். அங்கே போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், கேட்காமல் மொட்டை அடித்தார்கள், படுக்கையை நனைத்ததற்காகக் கட்டிலில் கட்டினார்கள். மூன்றுமே சட்டப்படி தப்பு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓடமுடியாமல் தீயில் வெந்து செத்த மாநிலம் இது. அதற்கப்புறமும் கட்டிப்போடுவதைச் சாதாரணமாகப் பேசும் இடங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வாரம். சம்மதம் சொல்லும் திறன் திரும்பிவிட்டதா என்று 7 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பார்த்தார்கள். திரும்பிவிட்டது என்றதும் சிஸ்டர் நேராக அவனிடமே வந்து, "இனிமே இருக்கிறதும் போறதும் உங்க முடிவு அண்ணா" என்றார். கட்டில் காலியானால் வருமானம் போகும் தனியார் இடத்தில் இதை எதிர்பார்க்கவில்லை. அவன் இன்னும் சில நாள் இருக்கிறேன் என்றான். அந்த நாட்களில் முன்கூட்டிய உத்தரவு பற்றியும் சொல்லிக்கொடுத்தார்கள். மறுபடி நிலைமை மோசமானால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் முடிவெடுக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைப்பது. ஒருமுறை ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டுக் கழுத்து ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது அவனுக்கு. அந்த ஊசி வேண்டாம் என்பதைத்தான் முதல் வரியாக எழுதினான். அவசரச் சிகிச்சையின்போது இந்த உத்தரவு மருத்துவர்களைக் கட்டுப்படுத்தாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

குறைகளும் உண்டு. மருந்து வாங்கும் இடத்தில் வேலை பார்ப்பவர் நோயின் பெயரோடு சேர்த்து ஆளைச் சத்தமாகக் கூப்பிடுகிறார். வார்டுக்குள் நர்ஸ்கள் காப்பாற்றும் ரகசியம் கீழ்த்தளத்தில் போய்விடுகிறது. மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் போன் நம்பரும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். இங்கே கணக்குப் பிரிவுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். இரவில் ஒரு தளம் முழுவதற்கும் நர்ஸ்கள் மிகக் குறைவு. அன்றைக்குக் கட்டியபோது ஒருவர் தம்பி பக்கத்திலேயே இருந்தார் என்றால், மற்ற கட்டில்களைப் பார்க்க ஆள் இல்லை என்றுதான் அர்த்தம்.

நிர்வாகத்துக்கு ஒன்று கேட்கிறேன். சேர்க்கைப் படிவமும் சம்மதப் படிவமும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன. எனக்குப் புரிந்தது. என் முன்னால் வரிசையில் நின்ற பெரியவர், மகளுக்காக எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாமல் போட்டுக் கொடுத்தார். உங்கள் சிஸ்டர்கள் வாயால் தமிழில் சொல்வது அத்தனையும் தாளிலும் தமிழில் இருக்கட்டும்.