இந்திராநகர்ல பாட்டு கேக்கற சாயங்காலம்: 5க்கு 3.5

பெங்களூரு இந்திராநகர்ல 100 அடி ரோட்டுக்குப் பின்னாடி சந்துல, மாடியில ஒரு கஃபே. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு ராக் பாட்டை ரெக்கார்டுல போடுவாங்க, அதுக்கு என்ன அர்த்தம்னு வந்தவங்க பேசணும், அவ்ளோதான் ப்ரோக்ராமே. டிக்கெட் 499, ஒரு காபி சேர்த்து. கொஞ்சம் திட்டப்போறேன், அதனால கடை பேரு போடல.

இந்த தடவை ஈகிள்ஸ்ங்கற அமெரிக்க ராக் குழுவோட ஹோட்டல் கலிஃபோர்னியா. ஹாஸ்டல்ல எவன் கிட்டாரை எடுத்தாலும் முதல்ல கொலை பண்றது இந்தப் பாட்டைத்தான், இதுல புதுசா என்ன இருக்கப்போகுதுன்னு அசால்ட்டா போய் உக்காந்தேன். ஆனா அந்த ஸ்பீக்கர்ல கேட்டப்புறம் வாயே திறக்கல. ஆறரை நிமிஷப் பாட்டுல கடைசி ரெண்டு நிமிஷம் குழுவோட டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கிட்டார்ல மாத்தி மாத்தி வாசிக்கறது இருக்கே, தனி ஆவர்த்தனத்துல மிருதங்கமும் கடமும் விட்டுப் புடிச்சு கடைசியா கோர்வைல வந்து சேருமே, அதே சுகம். சவுண்டுக்கு மட்டும் ஃபுல் மார்க்.

அப்புறம் 1976ல வந்த அந்த ஆல்பத்தோட கவரை கை மாத்தி சுத்த விட்டாங்க. முன்பக்கம் இருக்கறது பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல். உள்ள விரிச்சா லாபில ஒரு கும்பல், மேல பால்கனில நிழலா ஒரு உருவம். அது சாத்தான் சபை (சர்ச் ஆஃப் சாத்தான்) ஆளுன்னு அமெரிக்கால ஒரு காலத்துல பெரிய புரளி. எங்க டேபிள்ல மூணு பேர் செல்போன் டார்ச் அடிச்சு அந்த உருவத்தை நோண்டிட்டு இருந்தோம், ஒண்ணும் தெரியல, ஒரு பொண்ணு மட்டும் எங்க சித்தப்பா மாதிரி இருக்காருன்னுச்சு.

சரி, பேச்சு ஆரம்பிக்குமேன்னு பாத்தா நடத்தறவர் மைக்கை புடிச்சு, இதான் சரியான அர்த்தம்னு கடகடன்னு ஒப்பிச்சிட்டாரு. வெகுளித்தனத்துல இருந்து அனுபவத்துக்குப் போற பயணம்னு அந்தப் பாட்டைப் பாடின, எழுதினவங்கள்ல ஒருத்தரான டான் ஹென்லியே சொல்லியிருக்காராம். சொல்லியிருக்காரு, எனக்கும் தெரியும், அதை கடைசில சொல்லக்கூடாதா? விடுகதை போட்டவனே விடையும் சொல்லிட்டா நாங்க எதுக்கு அங்க? குறளுக்கு மட்டும் பத்து பேர் பழைய உரை எழுதியிருக்காங்க, மணக்குடவர் சொல்லிட்டாருன்னு பின்னாடி வந்த பரிமேலழகர் வாயை மூடிட்டா இருந்தாரு.

இருந்தும் எங்க டேபிள் அடங்கல. அல்சூர்ல இருந்து வந்த ஒரு அங்கிள், சாராய ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டையர் ஆனவராம், கையைத் தூக்கினாரு. "பாட்டுல வந்தவன் ஒயின் கேக்கறான், 1969ல இருந்தே அந்த ஸ்பிரிட் இங்க இல்லன்னு ஹோட்டல்காரன் சொல்றான். ஒயின் எப்படி தம்பி ஸ்பிரிட் ஆகும்? அது புளிக்க வைக்கறது, ஸ்பிரிட்னா காய்ச்சி வடிக்கறது." எல்லாரும் சிரிச்சாங்க, மைக்காரர் அடுத்த ஆளுக்குத் தாவிட்டாரு. இதே கேள்வியை ஒரு பத்திரிகைக்காரர் 2009ல ஹென்லிகிட்டயே கேட்டு, அவர் கடுப்பானது இந்த மைக்காரருக்குத் தெரியல போல. அங்கிள் விடல, எங்க டேபிளுக்கு மட்டும் சொன்னாரு: "ஸ்பிரிட்னா மனசுல இருக்கற உத்வேகம்னும் அர்த்தம் உண்டு. அப்போ அவன் சரக்கைச் சொல்லல தம்பி. அந்த வருஷத்தோட போன ஏதோ ஒண்ணைச் சொல்றான்." 69 ஆகஸ்ட்ல அன்பு, அமைதின்னு கொண்டாடின வுட்ஸ்டாக் ராக் விழா, டிசம்பர்ல கலிஃபோர்னியா ஆல்டமாண்ட்ல கச்சேரி நடக்கும்போதே கத்திக்குத்து. நான் அந்த வரியை இத்தனை வருஷமா பார் ஜோக்குன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்.

பாட்டு ஆரம்பத்துல வாசனை வருதுன்னு சொல்ற கோலிடாஸ்னா ஏதோ மலைன்னு நெனச்சதும் நாந்தான். ஸ்பானிஷ்ல சின்ன வாலாம், பேச்சு வழக்குல கஞ்சா மொட்டு.

காபி ஆறிப்போய் வந்துச்சு, கேட்டா கோல்ட் ப்ரூங்கறான். பைக் நிறுத்த இடமே இல்ல, மெட்ரோல போங்க. சீட்டு புக் பண்ணா பின்வரிசை கார்னர் டேபிள் கேளுங்க, மைக் அங்க வராது.