மாங்கூழ் ஆலையில் ஆய்வக வேலை: சேர நினைப்பவர்களுக்கு என் மதிப்புரை

கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் வேதியியல் படித்து முடித்த பெண்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, உங்கள் கம்பெனியில் சேரலாமா?" நின்ற இடத்தில் பதில் சொல்லிவிட்டுப் போகும் விஷயம் இல்லை இது. அதனால் எழுதிவைக்கிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நம் மாவட்டத்தில் இருக்கும் மாங்கூழ் ஆலைகளில் ஒன்று, வேகமாக வளர்ந்துகொண்டிருப்பது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்தபோது அது மே மாதம் தொடங்கி ஆடி பிறக்கும்வரை மட்டும் ஓடும் ஆலை. தோத்தாபுரிதான் பெரும்பகுதி, கொஞ்சம் அல்போன்சா. பாய்லர் அணைந்தால் அடுத்த வருடம்தான். இப்போது மாங்காய் முடிந்த கையோடு பப்பாளி, கொய்யா, ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி என்று வருடம் முழுவதும் ஏதாவது ஒன்று அரைபடுகிறது. இரண்டாவது உற்பத்தி லைன் போட்டுவிட்டார்கள். காலியாகக் கிடந்த பின்பக்க நிலத்தில் குளிர்பதனக் கிடங்கு எழுந்துவிட்டது. கூழ் அடைத்த டிரம்கள் கன்டெய்னரில் ஏறிச் சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன.

இந்த வளர்ச்சியில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் தொழில். ஓசூர்ப் பக்கம் பெரிய ஆலைகளுக்குப் போன என் வகுப்புத் தோழிகள் சேர்ந்த நாளிலிருந்து ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்கிறார்கள். சம்பளம் என்னைவிட அதிகம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் ஆள் குறைவு என்பதால், கேட்டில் லாரி நிற்பதிலிருந்து டிரம்முக்குச் சீல் வைப்பதுவரை எல்லாவற்றிலும் என் கை பட்டிருக்கிறது. பழம் எத்திலீன் வாயுவில் பழுத்ததா, கல் வைத்துப் பழுக்கவைத்ததா என்று பார்ப்பது முதல் வேலை. கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது. சந்தேகம் வந்தால் அந்த லோடை இறக்கவிடாமல் நிறுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு. கழுவி, கொட்டை நீக்கி, சல்லடையில் வடித்துக் கூழ் வந்ததும் மாதிரி எடுப்போம். ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டால் பிரிக்ஸ், அதாவது கூழின் இனிப்பு அளவு, தெரிந்துவிடும். தோத்தாபுரிக் கூழ் என்றால் 14-க்குக் குறையக் கூடாது, அல்போன்சாவுக்கு 16. பிறகு அமிலத்தன்மை: பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விழ, இளஞ்சிவப்பு நிலைக்கும் அந்த ஒரு நொடியில் கையை நிறுத்த வேண்டும். கல்லூரியில் இதையே மதிப்பெண்ணுக்காகச் செய்தேன். இங்கே என் கணக்கு தவறினால் ஒரு கன்டெய்னரே திரும்பி வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது கரும்புள்ளி எண்ணும் வேலை. வெள்ளைத் தட்டில் கூழை மெல்லிசாகப் பரப்பி, விளக்கின் கீழே வைத்து, கறுப்பும் பழுப்புமாகத் தெரியும் துகள்களை ஊசி முனையால் ஒதுக்கி ஒதுக்கி எண்ண வேண்டும். தோல் அதிகமாக அரைபட்டால் ஒரு விதமான புள்ளி, அழுகல் பழம் உள்ளே போயிருந்தால் வேறு விதம், சல்லடை கிழிந்திருந்தால் இன்னொரு விதம். தட்டைப் பார்த்தே "இரண்டாம் சல்லடையைத் திறந்து பாருங்கள்" என்று சொல்லும் அளவுக்குக் கண் பழகிவிட்டது. இதைக் கற்றுத்தந்தவர் எங்கள் பழைய ஆய்வகப் பொறுப்பாளர். அலுக்காமல் சொல்லித்தந்தார். இன்று வெளிநாட்டு வாங்குபவர்களின் தணிக்கையாளர் வந்தால் பதிவேட்டை விரித்து விளக்கம் சொல்வது நான்தான். இந்தத் தைரியம் இங்கே வந்ததுதான்.

சம்பளம் 7-ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் விழுந்துவிடும், தவறியதில்லை. பி.எஃப். ஒழுங்காகக் கட்டுகிறார்கள், கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு. கேன்டீன் சாப்பாடும் நன்றாக இருக்கும். வாரத்தில் ஒரு நாள் களியும் கீரைக் கடைசலும் போடுவார்கள். அன்றைக்கு வீட்டுச் சோற்றை மூடிவைத்துவிட்டு வரிசையில் நிற்பவர்களில் நானும் ஒருத்தி.

இனி பிடிக்காதது. இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

பழம் காத்திருக்காது. ஜூன் பாதி தாண்டினால் கேட்டுக்கு வெளியே டிராக்டரும் லாரியும் சாலை ஓரமாக வரிசைகட்டி நிற்கும். விலை சரிந்த வருடங்களில் விவசாயிகள் இரவெல்லாம் வண்டியிலேயே படுத்துக் கிடப்பார்கள். அவர்களைப் பார்க்கும்போது லைனை நிறுத்து என்று யாருக்கும் வாய் வராது. ஆகவே 8 மணி நேர ஷிப்ட் 12 மணி நேரம் ஆகும். வார விடுமுறை காணாமல் போகும். உழைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்குரிய கூலியில்தான் வருத்தம். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. எங்கள் ஆலையில் அது "சீசன் ஊக்கத்தொகை" என்ற ஒரே வரியில் மொத்தத் தொகையாக வரும். எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு என்று சம்பளச் சீட்டில் இருக்காது. ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை, நாங்கள் 'ஸ்டாஃப்' என்பதால். கேட்டால், "கம்பெனி வளரட்டும் மேடம், எல்லாம் சேர்த்துச் செய்துவிடலாம்" என்கிறார்கள். வளர்ந்துவிட்டது, கண்முன்னே இரண்டு லைன் ஓடுகிறது. லைன் இரண்டானபோது ஆய்வகத்தில் ஆள் கூடவில்லை. முன்பு ஒரு லைனுக்கு எடுத்த மாதிரிகளை அதே கைகள் இப்போது இரண்டு லைனுக்கும் எடுக்கின்றன.

பதவியும் அப்படித்தான். தணிக்கையாளருக்குப் பதில் சொல்லும் எனக்கு அட்டையில் இன்றும் 'ஆய்வக உதவியாளர்' என்றே இருக்கிறது. தர மேலாளர் என்று புதிதாக ஓர் இடம் உருவானபோது வெளியூரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். திறமைசாலி, பழக இனியவர். அவர்மேல் எனக்குக் குறை கிடையாது. உள்ளே இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

என்னைவிடப் பெரிய அநியாயம் தரம் பிரிக்கும் பெண்களுக்கு நடக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். பெல்ட்டில் ஓடும் பழத்தில் அடிபட்டதையும் அழுகியதையும் ஒதுக்கி, காம்பு கிள்ளி, கறை பட்ட இடத்தைக் கத்தியால் சீவுவது அவர்கள் வேலை. மாங்காய்ப் பால் பட்டால் தோல் வெந்து கறுத்துப்போகும். கையுறை கொடுக்கிறார்கள், ஆனால் மெல்லிய ரகம். காம்பு குத்தினாலே ஓட்டை விழுந்துவிடும். சாயங்காலம் கை கழுவும் இடத்தில் விளக்கெண்ணெய்ப் புட்டி ஒன்று கைமாறிக்கொண்டிருக்கும். அந்தப் புட்டி அவர்கள் காசில் வாங்கியது. மணிக்கட்டில் பழைய சீசனின் தழும்பு ஆறாமலே புதுக் கறை ஏறிய கைகளை நான் தினமும் பார்க்கிறேன்.

இவர்களில் பலர் நான் சேர்வதற்கு முன்பிருந்தே வருபவர்கள். ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் புது டோக்கன், புது எண், முதல் நாள் கூலி. எந்த வருடம் சேர்ந்தார்கள் என்பது எந்த ஏட்டிலும் தொடர்ச்சியாக இல்லை. சீசன் தொழிலில், ஆலை ஓடிய நாட்களில் 75 சதவீதம் வேலை செய்திருந்தால் அதைத் தொடர்ந்த பணியாகக் கருத வேண்டும், 5 வருடம் அப்படி முடித்தவர் விலகும்போது ஒரு சீசனுக்கு 7 நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை தர வேண்டும் என்று 1972 முதலே சட்டம் இருக்கிறது. அந்த அக்காக்களில் ஒருவருக்குக்கூட இதை யாரும் சொன்னதில்லை. இப்போது ஆலை வருடம் முழுவதும் ஓடுகிறதே, கொய்யாவுக்கும் தக்காளிக்கும் இவர்களையே கூப்பிடலாம் அல்லவா? கூப்பிடுவதில்லை. ஒப்பந்ததாரர் வேறு ஆட்களை இறக்குகிறார். வளர்ச்சி என்று பேனர் கட்டும்போது இவர்களை அதில் சேர்க்காதது எனக்குத் தாங்கவில்லை.

குழந்தைகள் காப்பகம் என்று கதவில் பலகை மாட்டிய அறை ஒன்று இருக்கிறது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்று பழைய தொழிற்சாலைகள் சட்டம் கேட்டது, அதற்காகக் கட்டினார்கள். சுவரில் யானையும் கிளியும் வரைந்திருக்கிறார்கள். உள்ளே டிரம் லேபிள் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. தணிக்கை வரும் வாரத்தில் பெட்டிகள் வெளியே போகும், தொட்டில் உள்ளே வரும். மற்ற நாட்களில் கைக்குழந்தைக்காரிகள் மாமியாரிடமோ மூத்த பிள்ளையிடமோ குழந்தையை விட்டுவிட்டு வருகிறார்கள். மூத்த பிள்ளை என்றால் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை.

போக்குவரத்து பரவாயில்லை. காலையில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இரண்டாம் ஷிப்ட் இரவு 10 மணிக்கு முடியும்போது பஸ் கிடையாது. கம்பெனி வேன் வீட்டுத் தெருவரை வந்து இறக்கிவிடும். முன்பு அதுவும் இல்லை, நாங்கள் சேர்ந்து கேட்டு வாங்கினோம். கேட்டால் கொடுக்கும் நிர்வாகம்தான். முதலாளி நேரில் வந்தால் நின்று காதுகொடுத்துக் கேட்பார். இடையில் இருக்கும் மேசைகளைத் தாண்டித்தான் அவரிடம் போக முடிவதில்லை.

ஆகவே தங்கைகளே, தொழில் கற்க வேண்டுமானால் தாராளமாகச் சேருங்கள். இரண்டு மூன்று வருடத்தில் உணவுத் துறையில் எந்த ஆய்வகத்திலும் நிற்கலாம். ஆனால் சேரும் அன்றே நியமனக் கடிதத்தில் பதவி என்ன என்று படித்துப் பாருங்கள். சீசனில் கூடுதல் நேரத்துக்கு எந்தக் கணக்கு என்று எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையில் விடாதீர்கள். பி.எஃப். எண்ணை முதல் மாதமே வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ சீசன் வேலைக்குப் போகும் அம்மாவோ அக்காவோ இருந்தால், பழைய டோக்கன் அட்டைகளையும் வங்கிப் புத்தகத்தில் கூலி விழுந்த பக்கங்களையும் பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அவற்றை வைத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித்தருகிறேன்.