பாதாம் ஒட்டுக்கன்னுன்னு சொல்லி விதைக்கன்ன தலையில கட்டிட்டாங்க, பாத்து வாங்குங்க

மக்களே, வீட்டுத் தோட்டத்துல பாதாம் வைக்கணும்னு கன்னு தேடிட்டு இருக்கவங்க இத படிச்சிட்டு காசு குடுங்க. நர்சரி பேரு வேணாம், இதே டயலாக்க பேசுற ஆளுங்க நிறைய இருக்காங்க.

வாங்குறப்பவே நர்சரிக்காரர் கிட்ட கேட்டேன், ஒட்டுக்கன்னா (அதாவது விதையில முளைச்சது இல்லாம, நல்ல ரகத்து கிளையையோ மொட்டையோ வேற கன்னு தண்டுல ஒட்டி வளத்தது), ஒத்த மரம் வச்சா காய்க்குமான்னு. "ஒட்டு தாங்க, தனியாவே காய்க்கும், மூணாவது வருஷமே பருப்பு உடைக்கலாம்"னு அடிச்சு சொன்னாரு. தண்டுல மண்ணுக்கு மேல ஒரு ஜாண் உயரத்துல பச்சை டேப் சுத்தியிருந்துச்சு, அத காட்டி இதான் ஒட்டு கட்டின எடம், பிரிச்சா செத்துரும்னு ஒரு மிரட்டல் வேற. உண்மையில ஒட்டு கூடினதும் டேப்ப எடுத்துதான் ஆகணும், விட்டா தண்டு பருக்கும்போது நெரிச்சிரும். என் கன்னுலயும் டேப் பட்டைக்குள்ள பதிய ஆரம்பிச்சதும் பிளேடு வச்சு கீறி எடுத்தா உள்ள ஒண்ணுமே இல்ல! சரிவான வெட்டுத் தழும்பு இல்ல, புடைப்பு இல்ல, லேசான வளைவு கூட இல்ல, வேர்லருந்து நுனி வரைக்கும் ஒரே வழவழ பட்டை. போன் போட்டா "நல்லா கூடிருச்சு சார், அதான் தெரியல"ங்குறாரு. ஒட்டு போட்ட எடம் பல வருஷம் ஆனாலும் பாத்தா தெரியும்ங்க.

மூணாவது வருஷம் ஒண்ணும் வரல. அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சு ஒருவழியா இலை வர்றதுக்கு முன்னாடியே கிளை பூரா பூ, பாக்க அவ்ளோ அழகு, அத்தனையும் உதிந்துருச்சு. கேட்டா போரான் சத்து கம்மின்னு ஒரு பாட்டில் வித்தாரு, அப்புறம் வேர் டானிக், அப்புறம் தெனமும் தண்ணி விடுங்கன்னாரு. பாதாமுக்கு வேர்ல தண்ணி தேங்குனாலே ஆகாது, அவரு பேச்ச கேட்டு விட்டதுல இலை மஞ்சளாகி அடித்தண்டுல கோந்து வடிய ஆரம்பிச்சுது.

விஷயம் என்னன்னா, பெரும்பாலான பாதாம் ரகம் தன் மகரந்தத்துல காய் பிடிக்காது, பேர் போன நான்பாரெய்லே அப்படித்தான். அதே சமயத்துல பூக்குற வேற ரகம் பக்கத்துல வேணும், தேனீயும் வரணும். தனியா காய்க்குற ரகமும் இருக்கு, இண்டிபென்டன்ஸ், டுவோனோ மாதிரி, ஆனா அப்படி சொல்லி விக்கிறவரு ரகம் பேரு சொல்லணும்ல? நம்மாளு கிட்ட கேட்டா "ஹைபிரிட்"டாம். உங்க பக்கம் குளிர் காலம் எப்படின்னு கூட கேக்கல, 7 டிகிரிக்கு கீழ சில நூறு மணி நேரமாவது குளிர் கிடைக்கலன்னா நிறைய ரகம் ஒழுங்கா பூக்கவே பூக்காது.

அடுத்த சீசன்ல தெரிஞ்சவர் ஒருத்தர் தன் மரத்துலருந்து பூத்த கிளைய வெட்டி குடுத்தாரு, வாளித் தண்ணில போட்டு மரத்தடியில வச்சேன், தேனீ ரெண்டுக்கும் மாறி மாறி போச்சு, கொஞ்சம் காய் நின்னுச்சு. மேல்தோல் வெடிச்சதும் ஆசையா ஓட்ட உடைச்சு வாயில வச்சா வேப்பங்கொட்டை தோத்துரும், அப்படி ஒரு கசப்பு. விதைக்கன்னுல இந்த ரிஸ்க் எப்பவும் உண்டு. இதுக்கு அவரு சொன்ன பதில்தான் ஹைலைட், "கசப்பு உடம்புக்கு நல்லது சார்". யோவ், கசப்பு பாதாம்ல இருக்க அமிக்டலின்ங்குற பொருள் வயித்துக்குள்ள போனா சயனைடு வரும்யா, வீட்ல சின்ன பசங்க இருந்தா என்ன ஆகுறது?

மாத்தி குடுங்கன்னா அடுத்த சீசன் வாங்கன்னு இழுக்குறாரு. மரம் இப்ப தேறிருச்சு, அதனால வெட்டல, கிளைகள்ல நல்ல ரகத்து மொட்ட எடுத்து ஒட்டு கட்டப் போறோம். நீங்க வாங்குறப்போ டேப்ப பிரிச்சு காட்ட சொல்லுங்க, ரகம் பேர பில்லுல எழுத சொல்லுங்க. எனக்கு குடுத்த பில்லுல வெறும் "பாதாம் செடி"ன்னுதான் இருக்கு, அத வச்சு சண்டை கூட போட முடியல.