“டிஸ்க் போயிடுச்சு அங்கிள்” என்று சொன்னால் உடனே காசை எடுத்துவிடாதீர்கள்

சிங்கப்பூரில் 2025 ஜூன் பள்ளி விடுமுறையில் மகளின் மடிக்கணினிக்கு வின்டோஸ் 11 போட உட்கார்ந்தேன். அக்டோபர் 14உடன் வின்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு முடிகிறது, அதற்குள் மாற்றிவிடலாம் என்ற எண்ணம். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே மீடியா கிரியேஷன் டூலை (வின்டோஸ் போடுவதற்கான யூஎஸ்பியைத் தயாரிக்கும் மென்பொருள்) இறக்கி, 8 ஜிபி யூஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கினேன். எல்லாம் சரியாகப் போனது, எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் திரை வரும்வரை. அங்கே பட்டியல் காலி. ஒரு டிஸ்க்கும் இல்லை.

பயந்துபோய், வீட்டுக்குப் பக்கத்துப் புளோக்குக்குக் கீழே இருக்கும் பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் தமிழர்தான், நன்றாகவே பேசினார். தன் யூஎஸ்பியைச் சொருகி அதே காலித் திரையைக் காட்டி, “பாத்தீங்களா அங்கிள், டிஸ்க் போயிடுச்சு” என்றார். அன்று காலையில் அதே டிஸ்க்கிலிருந்துதானே மகள் பாடம் படித்தாள்? யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டுத் தொடங்கியிருந்தால் வின்டோஸ் 10 பழையபடி வந்திருக்கும். அந்த நேரத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

புது 512 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ‘ஒரிஜினல்’ வின்டோஸ் 80, கூலி 50. மொத்தம் 280 வெள்ளியைக் கைப்பேசியிலேயே பேநவ் வழியாக அனுப்பினேன். பழைய டிஸ்க்கைக் கேட்டதற்கு, சப்ளையருக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் இந்த விலை என்றார். அந்தப் பழைய டிஸ்க்கின் டி டிரைவில் மாமியார் இங்கே வந்திருந்தபோது எடுத்த படங்கள் இருந்தன. வேறு எங்கும் எடுத்து வைக்காதது என் தப்பு, அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

டிசம்பரில், உங்கள் வின்டோஸ் உரிமம் காலாவதியாகப் போகிறது என்று திரையில் வர ஆரம்பித்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன். வின்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்பிஆர் (slmgr /xpr) என்று அடித்தான். காசு கொடுத்து வாங்கிய வின்டோஸ் என்றால் நிரந்தரம் என்று வர வேண்டும். எங்களுக்கு ஒரு தேதி வந்தது. “நிறுவனங்களுக்கான, 180 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டிய உரிம முறையைக் கடைக்காரர் திருட்டுத்தனமாகப் போட்டுவிட்டிருக்கிறார், மாமா” என்றான்.

சரி, அழித்துவிட்டு மறுபடி போடுவோம் என்று யூஎஸ்பியிலிருந்து தொடங்கினால் அதே காலிப் பட்டியல்! கடைக்காரர் போட்ட ‘புது’ டிஸ்க்கும் தெரியவில்லை. அவன் சிரித்துவிட்டான். இன்டெல் 11ஆம் தலைமுறைச் சிப்பிலிருந்து பல மடிக்கணினிகளில் டிஸ்க்கை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இருக்கிறதாம். அது இயங்கும்போது, அதனோடு பேச உதவும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் இல்லாவிட்டால், வின்டோஸ் போடும் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் கண்ணில் படாது. கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, ஐஎன்எஃப் கோப்புகள் உள்ள ஃபோல்டரை யூஎஸ்பியில் போட்டான். அந்தத் திரையிலேயே இருக்கும் ‘லோட் டிரைவர்’ஐத் தட்டி அதைக் காட்டினான். டிஸ்க் வந்து நின்றது. ஒரு கோப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. (கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்புத் திரையில் விஎம்டியை அணைத்தும் செய்யலாம். ஆனால் உள்ளே ஏற்கெனவே வின்டோஸ் இருந்தால், அணைத்ததும் அது தொடங்காமல் நீலநிறப் பிழைத்திரையில் விழக்கூடும் என்று எச்சரித்தான்.)

இன்டர்நெட்டில் இணைத்ததும் வின்டோஸ் 11 தானாகவே ஆக்டிவேட் ஆனது. மடிக்கணினியை வாங்கும்போதே கூட வந்த உரிமம் மதர்போர்டில் பதிந்திருக்கிறது. அந்த 80 வெள்ளி எதற்கு?

அப்புறம் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். அந்த டிஸ்க் ஓடிய நேரம் 7,046 மணி. ஆறு மாதம் இரவு பகலாக ஓட்டினாலும் 4,400 மணிகூட வராது. யாரோ பயன்படுத்திய டிஸ்க். என்னுடையதையே அழித்துவிட்டு எனக்கே விற்றாரோ என்றும் சந்தேகம், நிரூபிக்க வழியில்லை.

கடையில் போய்க் கேட்டேன். “ஆறு மாசம் கழிச்சு வந்து கேட்டா எப்படி அங்கிள்?” என்றார். இரண்டு ஆண்டுக்குள் சிறு கோரிக்கை மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் தேவையில்லை. பதிவுக் கட்டணம் எனக்கு 10 வெள்ளிதான். விண்ணப்பித்துவிட்டேன். அவர் கையாலேயே எழுதிக் கொடுத்த ரசீதில் ‘எஸ்எஸ்டி 512 – புதுசு’ என்று இருக்கிறது.